தரையும் சுவரும்: மைசூரு நாட்டில் பெண்களின் ரங்கோலியும் ஹசெ சித்தாரமும்

மைசூரு நாட்டில் பெண்களின் ஓவியம் வளர்ந்த இடங்கள் இரண்டு: வாசல் தரை, வீட்டின் மண்சுவர். தரையில் இடுவது ரங்கோலி; பூசைப் பேச்சில் ரங்கவல்லி. ஒக்கலிகர், லிங்காயத்தர், பிராமணர், சமணர் என்று எல்லா வீட்டுப் பெண்களும் இடுவது அது. சுவரில் தீட்டுவது ஹசெ சித்தாரம். பழைய மைசூர் சமஸ்தானத்தின் வடமேற்கு மூலையான ஷிமோகா மாவட்டத்தில், சாகர், சொரப வட்டங்களில் வாழும் தீவரு என்ற உழவர் சமூகத்துப் பெண்களுக்கு உரியது அது. இரண்டுக்கும் மூலப்பொருள் ஏறத்தாழ ஒன்றுதான்: அரிசியின் வெண்மை, செம்மண்ணின் சிவப்பு. ஆனால் இன்று இரண்டும் இருக்கும் நிலை வேறு. மைசூரு நகரத்துத் தெருக்களில் ரங்கோலி நாள்தோறும் விடியற்காலையில் புதிதாகிறது. சித்தாரத்தைச் சுவரில் பார்ப்பது அரிதாகிவிட்டது. தாளிலும் துணியிலும் கண்ணாடிச் சட்டத்துக்குள்ளும்தான் பெரும்பாலும் பார்க்க முடிகிறது. பக்தி குறைந்தது, ரசனை மாறியது என்று காரணம் சொல்வது எளிது. ஆனால் இரண்டின் வரலாற்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், வரைந்த பரப்புக்கு என்ன ஆயிற்று என்பதே விடையின் பெரும்பகுதி என்று தெரியவரும்.

தரைக் கோலத்தின் தொன்மைக்குத் தமிழ்ச் சான்று ஆண்டாளிடம் கிடைக்கிறது. நாச்சியார் திருமொழியின் முதல் பதிகத்திலேயே தை மாத நோன்புக்காகத் தரையைச் சுத்தம் செய்து வட்டக் கோலம் இடுவதும், நுண்மணலால் வீதியை அழகு செய்வதும் வருகின்றன. கன்னட நாட்டுச் சான்று அரசவையிலிருந்து வருகிறது. 12-ஆம் நூற்றாண்டில் கல்யாணச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் எழுந்த மானசோல்லாசம் என்ற சமஸ்கிருதக் கலைக்களஞ்சியம் ஓவியங்களை வகைப்படுத்தும்போது தூளிசித்திரம் என்று ஒரு வகையைச் சொல்கிறது. பொடி தூவி வரையும் சித்திரம் அது. இந்நூலின் முதற்பகுதி அபிலஷிதார்த்த சிந்தாமணி என்ற மறுபெயரில் மைசூரிலேயே அச்சானது. அர்த்தசாஸ்திரத்தைக் கண்டெடுத்துப் பதிப்பித்த ஆர். சாமாசாஸ்திரி அதை 1926-இல் மைசூர்க் கீழ்த்திசை நூலக வெளியீடாகக் கொண்டுவந்தார். பொடிச் சித்திரத்துக்குச் சாஸ்திரப் பெயர் இருந்தது என்பதற்கு மட்டுமே இது சான்று. வீட்டு வாசலில் யார், எப்போது, எதற்காக வரைந்தார்கள் என்பதில் அரண்மனை நூலுக்கு அக்கறை இருக்கவில்லை.

அந்த இடைவெளியை நிரப்பியவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின் மைசூரு நாட்டில் பல ஆண்டுகள் தங்கிய அபே துபுவா, தாம் கண்ட பழக்கவழக்கங்களை எழுதி வைத்தார். மைசூரில் ரெசிடெண்டாக இருந்த மார்க் வில்க்ஸ் வழியாக அந்தக் கையெழுத்துப் படி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. 1816-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. பொங்கலுக்கு முந்தைய மாதம் முழுவதும் பெண்கள் காலைதோறும் வீட்டு முன்னால் இரண்டடிச் சதுரம் சாணத்தால் மெழுகி, மாவால் வெள்ளைக் கோடுகள் போட்டு, அவற்றின்மேல் சாண உருண்டைகளை வைத்து, ஒவ்வோர் உருண்டையிலும் ஒரு பூவைச் செருகுவதை அவர் விவரிக்கிறார். மார்கழியில் பூசணிப் பூ வைத்துப் பழகிய தமிழ் வீடுகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கோட்டின் வடிவம் எப்படி இருந்தது என்று துபுவா சொல்லாமல் விட்டது பெரிய இழப்பு. பரப்பின் அளவையும் மெழுக்கையும் குறித்து வைத்தாரே, அதுவரை நன்று.

மைசூரு வாசலின் வேலைமுறை தமிழ்நாட்டு வாசலுக்கு மிக நெருக்கமானது. முதலில் பெருக்கல், பிறகு தண்ணீர் தெளித்தல், மண் தரையானால் சாணம் கரைத்து மெழுகுதல், ஈரம் அரைகுறையாகக் காயும்போது பொடி. பொடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்து, நடுவிரல் தாங்க, ஒரே சீராக ஒழுகவிட வேண்டும். கோடு தடிப்பதும் மெலிவதும் விரலின் அழுத்தத்தைவிடக் கையின் வேகத்தைப் பொறுத்தது. வேகம் தளரும் இடத்தில் பொடி குவியும். அதனால் தேர்ந்த கை வளைவுகளில் தயங்குவதில்லை. பண்டிகை நாளில் கோலத்தைச் சுற்றிச் செம்மண் கரைசலால் பட்டை போடுவார்கள். கன்னடத்தில் அது கெம்மண்ணு. நாள்தோறும் இடுவது பெரும்பாலும் மாவுக்கல்லை அரைத்த பொடிதான். அரிசி மாவும் அரைத்த மாவில் துணியை நனைத்து இழுக்கும் இழைக்கோலமும் பூசையறைக்கும் விசேஷங்களுக்கும் ஒதுங்கிவிட்டன. மைசூரிலும் மேலுகோட்டையிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் மண்டயம், ஹெப்பார் ஐயங்கார் வீடுகளில் இரண்டு மரபும் கலந்திருக்கின்றன. வீட்டில் பேசுவது கன்னடம் ஊறிய தமிழ். வாசலில் கன்னடத்துப் புள்ளி ரங்கோலி. பெருமாள் சன்னிதியில் செம்மண் பட்டையிட்ட இழைக்கோலம்.

கன்னடத்தில் புள்ளி என்பது சுக்கி. கணக்குச் சொல்லும் முறை தமிழ் முறையேதான். பதினைந்திலிருந்து எட்டு வரை இடைப்புள்ளி என்றால், நடுவரிசையில் 15 புள்ளி, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8-இல் நிற்கும், மொத்தம் 169. பதினைந்திலிருந்து ஒன்று வரை நேர்ப்புள்ளி என்றால் வரிசைக்கு இரண்டாகக் குறையும், மொத்தம் 113. முன்னது அறுகோணம், பின்னது வைரம். எந்தப் புள்ளியமைப்பு எந்த உருவத்துக்கு ஒத்துப்போகும் என்பது மனப்பாடமாகவே இருக்கும்: அறுகோணத்தில் ஆறிதழ்ப் பூக்கள் தாமாக அமைகின்றன, நேர்ப்புள்ளியில் விளக்கு, தேர், குடம் போன்ற நிமிர்ந்த உருவங்கள் நன்றாக நிற்கின்றன. புள்ளிகளை இணைத்து வரைவது ஒரு வகை. புள்ளியைத் தொடாமல் சுற்றிச் சுற்றி ஓடும் கோடு இன்னொரு வகை. தமிழ்நாட்டில் பெருமை பின்னதற்கு, அதாவது சிக்குக்கோலத்துக்கு. மைசூரில் இணைப்பு வகையே மிகுதி. பூ, மயில், கிளி, வண்ணத்துப்பூச்சி என்று அது போகும்.

சுற்றும் கோட்டில் ஒளிந்திருக்கும் கணக்கு கணிதவல்லுநர்களை இழுத்தது. வரிசைக்கு நான்கு புள்ளியாக மூன்று வரிசை வைத்து, சாய்கோடுகளால் எல்லாப் புள்ளிகளையும் சுற்றினால் ஒரே இழையில் முடிகிறது. மூன்று வரிசையிலும் மும்மூன்று புள்ளி வைத்தால் மூன்று தனித்தனி இழைகள் வரும். இரு பக்கத்து எண்களின் மீப்பெரு பொது வகுத்தி எத்தனையோ, அத்தனை இழை. சில குறுக்கு வெட்டுகளை மாற்றி, தனி இழைகளை ஒன்றாகப் பின்னிவிடுவது கைத்திறன். எழுதப்படிக்கத் தெரியாத பெண்களும் இதைச் செய்தார்கள். தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974-இல் வெளியிட்ட ஆய்வு, கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக எழுதிக் காட்டியது. சிறிய உருவிலிருந்து பெரியதை விரிக்கும் விதிகள் பெண்களின் மனத்தில் ஏற்கனவே இருந்தவை. அவற்றுக்குக் குறியீடு கிடைத்தது அப்போதுதான்.

வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் ரங்கோலியின் இயல்பு மாறுகிறது. வாசலில் கற்பனைக்கு இடமுண்டு. பூசையறையில் அச்சு மாறக்கூடாது. எட்டிதழ்த் தாமரை, சங்கு சக்கரம், எட்டுத் திசைக்கும் ஐந்தைந்து புள்ளி நீட்டி இணைக்கும் ஹிருதய கமலம் ஆகியவை கிழமைக்கும் தெய்வத்துக்கும் ஏற்ப வரும். ரதசப்தமிக்குத் தேர், கோகுலாஷ்டமிக்கு வாசலிலிருந்து பூசையறை வரை குழந்தைக் கண்ணனின் பாதங்கள். மாத்வ வீடுகளின் கோபத்ம விரதம் இவற்றில் கடினமானது. ஆஷாட ஏகாதசி தொடங்கிக் கார்த்திகை ஏகாதசி வரை, சாதுர்மாஸ்ய நான்கு மாதமும், நாளுக்கு 33 பசுக் குளம்படிகளை வரைய வேண்டும். ஐந்து ஆண்டுகள் தொடர வேண்டும். புதிதாக மணமான பெண்ணுக்கு இதைவிடக் கண்டிப்பான வரைபயிற்சி எந்த ஓவியப் பள்ளியிலும் கிடைக்காது.

வரையாத நாட்களும் மரபின் பகுதியே. துக்க வீட்டு வாசல் வெறுமையாக இருக்கும். திதி நாளில் சடங்கு முடியும்வரை பொடி விழாது. தெருவில் போகிறவர்கள் அந்த வெறுமையைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொள்வார்கள். மங்கலச் சடங்குக் கோலங்களைச் சுமங்கலிகளே இட வேண்டும் என்ற விதி, கணவனை இழந்த பெண்களை, அவர்கள் எவ்வளவு தேர்ந்த கைகாரிகளாக இருந்தாலும், ஒதுக்கி வைத்தது. இந்தக் கலையைப் புகழ்ந்து எழுதுபவர்கள் இதைத் தொடாமல் போவது வழக்கம்.

சித்தாரம் திருமண வீட்டுக்குரியது. மணமக்கள் அமரும் மணைக்குக் கன்னடத்தில் ஹசெமணெ என்று பெயர். அந்த மணைக்குப் பின்னால் உள்ள சுவர் ஹசெகோடெ. அந்தச் சுவரில் தீட்டும் சித்திரமே ஹசெ சித்தாரம். கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு சுவருக்குச் செம்மண் பூசப்படும். ஊறவைத்த அரிசியை நைய அரைத்த விழுது வெள்ளை. கருக வறுத்த அரிசி கறுப்பு. செங்காவி மண் சிவப்பு. குரிகெ மரத்து விதையிலிருந்து மஞ்சள். தூரிகை புண்டி நாரால் ஆனது. தமிழில் புளிச்சை நார். நாரின் நுனியை நசுக்கிப் பிசிறாக்கி, நூல்போல் மெல்லிய கோடுகளை அருகருகே இழுப்பார்கள். மூத்த பெண் ஒருத்தி கட்டத்தைத் தீர்மானிப்பாள், மற்றவர்கள் நிரப்புவார்கள், பாட்டும் கூடவே நடக்கும்.

சித்தாரத்தின் அழகு முழுக்கக் கோட்டில் இருக்கிறது. சதுரத்துக்குள் சதுரம், சதுரத்தின் கரையோரம் பின்னல் பட்டைகள், நடுவில் மணப்பந்தல். மணமக்கள் முக்கோணங்களாலும் குச்சிக் கோடுகளாலும் ஆன சிறு உருவங்கள், முகம் கிடையாது. அவர்களைச் சுற்றிப் பல்லக்கு, தேர், ஏணி, நெற்றியில் கட்டும் பாசிங்கம், வாத்தியக்காரர்கள், கிளைவிட்ட மரம், நெற்பயிர், பறவைகள். ஆழம் காட்டுவதோ நிழல் இடுவதோ இல்லை. இத்தனையும் செம்மண் தளத்தின்மேல் வெள்ளைக் கோடாக எழும்போது, தள்ளி நின்று பார்ப்பவருக்கு நெய்த துணி மாட்டியதுபோல் தோன்றும். ஐப்பசிப் பௌர்ணமியை ஒட்டி வரும் பூமி ஹுண்ணிமைக்கும் சித்தாரம் உண்டு. சூல்கொண்ட வயலுக்குப் படையல் கொண்டுபோகும் பூமண்ணி புட்டி என்ற கூடைக்குச் செம்மண் பூசி, அதன்மேல் வெள்ளைக் கோலங்களைப் பெண்கள் தீட்டுகிறார்கள். கல்யாணச் சுவரும் வயல் கூடையும் ஒரே சித்திர மொழியைப் பகிர்வதில் வியப்பில்லை. இரண்டிலும் வேண்டுவது விளைச்சலையே.

மைசூரு நாட்டில் ஆண்களின் சுவரோவியமும் செழித்திருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1784-இல் எழுந்த தரியா தௌலத் மாளிகையின் போர்க்காட்சிகள், 1861-இல் எழுந்த ஜகன்மோகன அரண்மனைச் சுவர்கள், தங்கத் தகடு ஒட்டிய மைசூர் ஓவியங்கள் எல்லாம் சித்ரகாரர்களின் வேலை. கரையோரக் கன்னட நாட்டுக் கோயில்களில் சுண்ணாம்புப் பூச்சின்மேல் செங்காவி பூசிச் சுரண்டி எடுக்கும் காவி ஓவியத்தையும் ஆண் கைவினைஞர்களே செய்தார்கள். அவற்றுக்குப் புரவலர் உண்டு, கூலி உண்டு, பிற்காலத்தில் தொல்லியல் துறையின் காவலும் மைசூர் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தன. பெண்களின் ஓவியத்துக்குக் கூலி கிடையாது. அழிவதே அதன் நியதி என்பதால் காவலும் தேவைப்படவில்லை. ஆண்டுக்கொருமுறை, அல்லது அடுத்த கல்யாணத்தின்போது, செம்மண் மேலே ஏறும், பழைய சித்திரம் மறையும், புதியது வரும். சித்தாரம் தொடர்வதற்கு இந்தப் புதுப்பிப்புச் சுழல் இன்றியமையாததாக இருந்தது.

அந்தச் சுழல் 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் முறிந்தது. தீவருக்கள் அப்போது பெரும்பாலும் குத்தகை உழவர்களாக இருந்தார்கள். சாகர் வட்டத்துக் காகோடு கிராமத்தில் நெல் அளக்கும் மரக்காலின் அளவைப் பற்றி எழுந்த தகராறு 1951-இல் குத்தகைதாரர் சத்தியாகிரகமாக வெடித்தது. சோசலிஸ்ட் தலைவர் ராம்மனோகர் லோகியா வந்து கைதானார். ஹுணசூரைச் சேர்ந்த தேவராஜ் அர்ஸ் முதலமைச்சராக இருந்தபோது 1974-இல் வந்த நிலச்சீர்திருத்தத் திருத்தச் சட்டம் உழுதவர்களுக்கு நிலம் கிடைக்க வழி செய்தது. இதற்கிடையே 1964-இல் முடிந்த லிங்கனமக்கி அணை சராவதிப் பள்ளத்தாக்கில் ஊர்களை மூழ்கடித்தது. பல குடும்பங்கள் வேறிடம் பெயர்ந்தன. நீரில் போன வீடுகளோடு சுவர்களும் போயின. நிலம் கிடைத்தவர்கள் வசதி வந்ததும் செங்கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டியதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் வெள்ளையடித்த சுவரில் வெள்ளை அரிசி விழுது தெரியாது. சிமெண்டுப் பூச்சில் செம்மண் ஒட்டி நிற்காது. பெயிண்ட் அடித்த சுவரில் ஈர மாவைத் தடவ வீட்டார் சம்மதிப்பதும் இல்லை. கலை தெரிந்த கை இருந்தது, கல்யாணமும் இருந்தது, பரப்பு இல்லை.

இந்தியாவின் பிற பகுதிகளிலும் திருமணச் சுவரே பெண்களின் ஓவியக் களம் என்பது கவனிக்கத்தக்கது. பீகாரின் மிதிலைப் பகுதியில் மணமக்களின் அறையான கோஹ்பர் சுவர். ஜார்க்கண்டின் ஹசாரிபாக்கில் கோவர் சுவர். மகாராஷ்டிரத்து வார்லிகளிடம் சுமங்கலிகள் எழுதும் சௌக். மிதிலைச் சுவர்கள் வெளியுலகுக்குத் தெரிந்ததே ஒரு விபத்தால். 1934 ஜனவரி நிலநடுக்கத்தில் வீடுகள் இடிந்தபோது, சேதம் பார்க்கப் போன பிரிட்டிஷ் அதிகாரி டபிள்யூ. ஜி. ஆர்ச்சர் உள்சுவர்களின் ஓவியங்களைக் கண்டார். 1949-இல் மார்க் இதழில் அவற்றைப் பற்றி எழுதினார். 1966–67 வறட்சியின்போது அகில இந்தியக் கைவினை வாரியத்தில் இருந்த புபுல் ஜயகர், ஓவியர் பாஸ்கர் குல்கர்னியை மிதிலையின் மதுபனிக்கு அனுப்பி, பெண்களிடம் தாளைக் கொடுத்து வரையச் செய்தார். 1975-இல் அவர்களில் ஒருவரான ஜகதம்பா தேவி பத்மஸ்ரீ பெற்றார். நிவாரண வேலையாகத் தொடங்கியது தொழிலாகி, சாதிக்கொரு பாணியாகப் பிரிந்து, உலக ஓவியச் சந்தைக்குப் போனது.

வார்லியின் கதை வேறு வழியில் போனது. 1970-களில் ஜிவ்யா சோமா மஷே என்ற ஆண் அந்தச் சடங்குச் சித்திரத்தைச் சடங்கிலிருந்து பிரித்து, அன்றாட வாழ்க்கைக் காட்சிகளாக்கினார். 2011-இல் பத்மஸ்ரீ பெற்றார். இன்று வார்லி என்றால் பலரும் நினைப்பது அந்தக் காட்சிகளையே. ஹசாரிபாக்கின் சோஹ்ராய்–கோவர் ஓவியங்களுக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வங்காளத்துத் தரை ஓவியமான ஆல்பனாவுக்கு அவனீந்திரநாத் தாகூர் 1919-இல் எழுதிய நூலும், சாந்திநிகேதனில் நந்தலால் போஸ் முதலியோர் அதற்குக் கொடுத்த இடமும் தனி மதிப்பைத் தந்தன. சித்தாரத்துக்கு ஆர்ச்சரும் வரவில்லை, புபுல் ஜயகரும் வரவில்லை. தாளுக்கு அது மெல்லத்தான் வந்தது. சாகர் பகுதிக் கலைஞர்கள், அவர்களில் ஆண்களும் உண்டு, பெங்களூருக் கண்காட்சிகளுக்கும் கைவினைச் சந்தைகளுக்கும் கொண்டுவருகிறார்கள். தாளில் ஏறும்போது சிறு மாற்றம் நேர்கிறது. கல்யாணச் சுவரின் சதுரத்தில் ஒவ்வொரு பட்டைக்கும் இடம் உண்டு. விற்பனைத் தாளில் வாங்குபவருக்குப் பிடித்த பல்லக்கோ பறவையோ தனியாக வெட்டி எடுக்கப்பட்டு நடுவில் வந்து நிற்கிறது.

ரங்கோலிக்கும் பரப்பு பறிபோனது. ஒரு முறை மட்டுமல்ல. மைசூரில் 1903-இல் நகர அபிவிருத்தி அறக்கட்டளை வாரியம் அமைந்து, புதிய குடியிருப்புகள் எழத் தொடங்கின. அக்ரகாரம், சாமராஜபுரம், லட்சுமிபுரம், ஒண்டிகொப்பல் பகுதிகளின் பழைய வீடுகளில் திண்ணைக்குக் கீழே மண்வாசல் இருந்தது. அது கல் பாவிய வாசலாயிற்று. பிறகு சிமெண்டு, தார், இன்று வழவழப்பான ஓடு. சாணம் முதலில் போனது. மெழுகாத கல்லிலும் ஈரம் தெளித்தால் பொடி நின்றது. வீட்டுக்குள் சிவப்பு ஆக்சைடு தரை வந்தபோது, செம்மண் மெழுக்கின் நிறம் நிரந்தரமாகவே தரையில் கிடைத்துவிட்டது. அதன் ஓரங்களில் எனாமல் பெயிண்டால் வெள்ளைக் கோலம் தீட்டினார்கள். தார்ச்சாலையின் கறுப்பு வெள்ளைப் பொடிக்குச் செம்மண்ணைவிட எடுப்பான பின்புலம் ஆயிற்று. ஒருவன் தடுக்கின் கீழ் நுழைந்தால் இன்னொருவன் கோலத்தின் கீழ் நுழைவான் என்ற பழமொழி தமிழிலும் கன்னடத்திலும் உண்டு. தடிமனே இல்லாத பொருள் என்பதால்தான் அந்தக் கேலி எடுபடுகிறது. ரங்கோலி பிழைத்ததற்கும் அதுவே காரணம். பரப்பில் ஒட்ட வேண்டிய தேவை அதற்கு இல்லை. படிந்து, ஒரு நாள் இருந்தால் போதும். சித்தாரமோ ஒட்டி நிற்க வேண்டிய ஓவியம்.

பரப்பு மாறியதற்கேற்ப வடிவமும் மாறியது. கடினத் தரையில் வண்ணப் பொடியைப் பரப்பி நிரப்ப முடியும் என்பதால் கோட்டுக்கோலம் வண்ணக்கோலமாக வீங்கியது. தேவராஜ மார்க்கெட்டில் குங்குமத்தோடு கூம்பு கூம்பாகக் குவித்து வைத்திருக்கும் வண்ணப் பொடிகள் சுற்றுலாப் பயணிகளின் படங்களில் இடம்பெறாத நாளில்லை. துளையிட்ட குழாயில் பொடியை அடைத்து உருட்டினால் பட்டை விழும். துளைத்தட்டில் தட்டினால் தாமரை விழும். நடுங்கும் கை உள்ளவர்களுக்கும் அவசரக்காரர்களுக்கும் அவை உதவுகின்றன. ஒட்டும் கோலங்கள் அடுக்குமாடிக் கதவுகளின் முன் வந்துவிட்டன. இவற்றில் குழாயும் தட்டும் மரபின் நீட்சி என்று கொள்ளலாம். தினமும் புதிதாக இடும் செயல் அவற்றில் எஞ்சியிருக்கிறது. ஒட்டுக்கோலத்தில் அது இல்லை.

பொதுவெளியும் ரங்கோலியை எடுத்துக்கொண்டது. தசரா நாட்களில் மகளிர் தசராவின் பகுதியாக ரங்கோலிப் போட்டிகள் நடக்கின்றன. தேர்தல் காலத்தில் வாக்களிக்கச் சொல்லும் ரங்கோலிகளை மாவட்ட நிர்வாகங்கள் வரையச் செய்கின்றன. தண்ணீர்ச் சிக்கனம், தடுப்பூசி என்று பிற பிரசாரங்களும் தரைக்கு வருகின்றன. மைசூரில் 1929-இல் ஐயங்கார் குடும்பத்தில் பிறந்த ஏ. கே. ராமானுஜன், கன்னட நாட்டார் வழக்காறுகளைச் சங்க இலக்கியத்தின் அகம், புறம் என்ற பாகுபாட்டைக் கொண்டு இரண்டு உலகங்களாகப் பிரித்துக் காட்டினார்: சமையலறையில் பாட்டிகள் சொல்லும் கதைகளில் பாத்திரங்களுக்குப் பெயர் இருக்காது, ஊர்ப் பொதுவிடத்தில் தொழில்முறைக் கதைசொல்லி பாடும்போது பெயரும் ஊரும் வந்துவிடும். தரை ஓவியத்துக்கும் இது பொருந்துகிறது. வாசலில் பெயரில்லாமல் கிடக்கும் கோலம் போட்டி மைதானத்துக்குப் போனதும் வரைந்தவரின் பெயர் எழுதிய அட்டை பக்கத்தில் வந்து நிற்கிறது. நேரக்கட்டுப்பாடு, கருப்பொருள், மதிப்பெண் எல்லாம் வருகின்றன. அளவு பெரிதாகிறது, உருவப்படங்கள் நுழைகின்றன, புள்ளி மறைகிறது. நடுவர்கள் புள்ளிக்கோலத்துக்குத் தனிப் பிரிவு வைத்தால், கணக்குத் தெரிந்த கைகளுக்கும் இடம் கிடைக்கும்.

காப்பதற்கான நிறுவனங்களுக்கு மைசூரில் குறைவில்லை. மானசகங்கோத்ரி வளாகத்தில், இளவரசி ஜயலட்சுமம்மண்ணிக்காக 1905-இல் கட்டிய ஜயலட்சுமி விலாச மாளிகையில் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் நாட்டார் அருங்காட்சியகம் 1968-இல் நிறுவப்பட்டது. தோல்பாவைகள், தெய்வ உருவங்கள், முகமூடிகள், உழவுக் கருவிகள், வீட்டுப் பாத்திரங்கள் என்று அதன் சேமிப்பு பெரிது. போபாலைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திரா காந்தி தேசிய மானுட அருங்காட்சியகத்தின் தென்மண்டல மையமும் மைசூரின் வெலிங்டன் மாளிகையில் இருக்கிறது. பூமண்ணிக் கூடை போன்ற பொருளை இத்தகைய இடங்கள் எண் கொடுத்து வைத்துக்கொள்ளலாம். சுவரைப் பெயர்த்து வைப்பது கடினம். வாசலைப் பதிவேட்டில் ஏற்றவே முடியாது. அங்கே புகைப்படத்தைவிடக் கைக்கோலப் புத்தகங்கள் பயன்மிக்க சான்றாகும். பெண்கள் பள்ளி நோட்டிலும் பழைய டைரியிலும் புள்ளி வைத்து வரைந்து, ஓரத்தில் எண்ணிக்கை எழுதி, மகளுக்கும் மருமகளுக்கும் கொடுத்தவை அவை. எந்த வடிவம் எந்த ஊரிலிருந்து கல்யாணத்தோடு வந்தது என்பது அந்த நோட்டுகளில்தான் தெரியும். வீட்டைக் காலி செய்யும்போது பழைய தாளோடு அவை எடைக்குப் போகின்றன. கைபேசியில் படம் பார்த்து வரையப் பழகிய தலைமுறைக்கு வடிவங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. புள்ளிக் கணக்கு பெரும்பாலும் கூட வருவதில்லை.

இன்று வாசலில் பொடி இடும் கை யாருடையது என்பதும் மாறியிருக்கிறது. வேலைக்குப் போகும் பெண்கள் உள்ள வீடுகளில், பாத்திரம் துலக்க வரும் பெண்ணே பெருக்கித் தெளித்து ரங்கோலியும் இடுகிறாள். அது மாதச் சம்பளத்தில் அடங்கிய வேலை. ஒரே தெருவில் பல வீடுகளுக்கு ஒருத்தியே போவதால், விடியலுக்குள் முடிக்கத்தக்க நான்கைந்து வடிவங்களை அவள் வைத்திருக்கிறாள். அதனால் அத்தகைய தெருக்களில் அடுத்தடுத்த வாசல்களில் ஒரே கோலம் கிடக்கிறது. வீட்டுக்காரப் பெண்கள் பண்டிகை நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் தாங்களே இறங்கி வரைகிறார்கள். மார்கழி மாதத்தில் மட்டும் இரு தரப்பும் வாசலைப் பகிர்ந்துகொள்கின்றன.